எடைக்குப் போட்ட ரகசியங்கள்

1978இல் இந்திய அரசே அச்சிட்டு வெளியிட்ட ஓர் அறிக்கை, சில ஆண்டுகளிலேயே தேடினாலும் கிடைக்காத பொருளாகிப்போனது. நெருக்கடி நிலைக் காலத்து அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி ஜே.சி. ஷா ஆணையத்தின் அறிக்கை அது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டு இடைக்கால அறிக்கைகள், ஆகஸ்டில் இறுதி அறிக்கை. 1980இல் இந்திரா காந்தி மறுபடி ஆட்சிக்கு வந்தார். பிரதிகள் கண்ணில் படாமல் போயின. திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள் என்ற பேச்சு அதன்பிறகு ஓயவே இல்லை. வெளிநாட்டு நூலகங்களில் இருந்தது. இங்கே கேட்டால் கைவிரித்தார்கள்.

இரா. செழியனிடம் ஒரு பிரதி இருந்தது. நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. பெரம்பலூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குப் போனவர். அறிக்கை எங்கும் கிடைப்பதில்லை என்று தெரியவந்ததும், தன்னிடம் இருந்ததைத் தொகுத்து 2010இல் ஆழி பதிப்பகத்தின் வழியாக மறுபடி அச்சேற்றினார். ஓர் அரசாங்கத்தின் ஆவணத்தை ஒரு தனி மனிதரின் அலமாரி காப்பாற்றிக் கொடுத்தது.

‘இந்தக் குப்பையை எல்லாம் சேர்த்து வச்சு என்ன பண்ணப் போறீங்க?’ என்று வீட்டில் கேட்கும்போது நான் சொல்வது இந்தக் கதையைத்தான். அரசியல், வெளியுறவு, தேசப் பாதுகாப்பு பற்றிய பழைய புத்தகங்களைத் தேடி அலையும் கூட்டம் சிறியது. நாவல் முதல் பதிப்பு சேர்ப்பவர்களுக்கு இருக்கும் மவுசு இவர்களுக்கு இல்லை. கையில் இருப்பதோ பெரும்பாலும் ஓய்வுபெற்ற தூதர்களின் நினைவுக் குறிப்புகளும், தோற்ற தளபதிகளின் தன்னிலை விளக்கங்களும், சாணிக் காகிதத்தில் அச்சான வெள்ளை அறிக்கைகளும். ஆனால் இந்த நாட்டில் கோப்புகள் திறப்பதில்லை. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் அதன் விதிகளும் 25 ஆண்டு கடந்த கோப்புகளை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. முக்கியமானவை வந்துசேர்வது அபூர்வம். கோப்பு வராத இடத்தில் புத்தகம்தான் சாட்சி. அதிலும் அந்தந்தக் காலத்தில், ஆறுவதற்கு முன் சூட்டோடு அச்சான முதல் பதிப்பு.

ஐந்து படிகள், ஐந்து புத்தகங்கள்

என்னைக் கேட்டால், இந்தச் சேகரிப்பை 1962இல்தான் தொடங்க வேண்டும். சீனப் போரில் ஏன் தோற்றோம் என்று ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பகத் இருவரையும் ராணுவம் நியமித்தது. 1963இல் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அரசு இன்றுவரை அதை வெளியிடவில்லை. அதில் உள்ளவை இன்றைக்கும் ராணுவ நடவடிக்கைக்குப் பொருந்துபவை என்று 2010இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் காரணம் சொன்னார். 2014இல் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் தன்னிடமிருந்த பகுதியை இணையத்தில் போட்ட பிறகும் அரசின் நிலை மாறவில்லை.

அறிக்கை வராவிட்டால் என்ன, சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாம்கா சூ ஆற்றங்கரையில் 7ஆவது பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் ஜே.பி. தால்வி. அக்டோபர் 20 விடியலில் தாக்குதல் தொடங்கியது; 22ஆம் தேதி சீனர்களிடம் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதம்தான் திரும்பினார். அவருடைய ‘ஹிமாலயன் பிளண்டர்’ 1969இல் வந்தது. அவருக்கு மேலே 4ஆவது டிவிஷனின் தளபதி நிரஞ்சன் பிரசாத். அவர் ‘தி ஃபால் ஆஃப் தவாங்’ எழுதினார், 1981இல். அவருக்கும் மேலே புதிதாக உருவாக்கப்பட்ட 4ஆவது கோரின் தளபதி பி.எம். கவுல். தாக்குதல் தொடங்கியபோது நோய்ப்பட்டு டெல்லியில் படுத்திருந்தவர். ‘தி அன்டோல்ட் ஸ்டோரி’ என்ற பெயரில் 1967லேயே முந்திக்கொண்டார். ராணுவத் தலைமையகத்தில் ராணுவ நடவடிக்கைப் பிரிவின் இயக்குநராக இருந்த டி.கே. பாலித் நிதானமாக 1991இல் ‘வார் இன் ஹை ஹிமாலயா’ கொடுத்தார். உளவுத் துறையில் 1950 முதல் 1964 வரை கோலோச்சிய பி.என். மல்லிக் தன் பங்குக்கு ‘மை இயர்ஸ் வித் நேரு’ வரிசையில் ‘தி சைனீஸ் பிட்ரேயல்’ என்று தடித்த புத்தகம் ஒன்றை 1971இல் போட்டார்.

களத்தில் இருந்த பிரிகேடிலிருந்து டெல்லி வரை, வெவ்வேறு படிகளில் இருந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகம் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொருவரும் பக்கத்துப் படியைக் கை காட்டுகிறார். தனித்தனியாகப் படித்தால் ஐவரும் நம்பும்படி இருக்கிறார்கள். சேர்த்து வைத்துப் படித்தால்தான் எந்த ஆணை எந்த மேசையில் தங்கியது, யார் வரைபடத்தைப் பார்க்காமல் கோடு போட்டார்கள் என்பது மெல்லப் பிடிபடும். தால்வியின் எழுத்தில் ஆத்திரம் அதிகம். ஆனால் வீரர்களிடம் என்ன உடை இருந்தது, எத்தனை தோட்டா இருந்தது என்று சொல்கிற இடங்களில் அவரை அசைக்க முடியாது. கவுலின் புத்தகத்தை நான் நம்புவதில்லை. ஆனாலும் அது இல்லாமல் இந்த வரிசை முழுமையாகாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிற மனிதர் எதை மறைக்கப் பாடுபடுகிறார் என்பதும் ஒரு தகவல்தானே.

இவற்றோடு வைக்க வேண்டியவை மேக்ஸ்வெல்லின் ‘இந்தியாஸ் சைனா வார்’, டி.ஆர். மங்கேகரின் ‘தி கில்டி மென் ஆஃப் 1962’. மேக்ஸ்வெல் சீனர் பக்கம் சாய்ந்தவர் என்ற குற்றச்சாட்டு உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்தியத் தரப்பின் உள்விவகாரங்களை அவர் அளவுக்கு அன்றைக்கு வேறு யாரும் எழுதவில்லை. அவர் கையில் என்ன இருந்தது என்பது 2014இல்தான் ஊருக்குத் தெரிந்தது.

விலை குறைவாகவும் மதிப்பு அதிகமாகவும் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். இந்தியாவும் சீனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் குறிப்புகளையும் வெளியுறவு அமைச்சகம் வெள்ளை அறிக்கைகளாகத் தொடர்ந்து வெளியிட்டது. முதலாவதை 1959 செப்டம்பர் 7 அன்று நேரு நாடாளுமன்றத்தில் வைத்தார். அழகாக எதுவும் இருக்காது. கடைக்காரருக்கு அது பழைய அரசாங்கத் தாள். நேருவுக்கும் சீனப் பிரதமர் சூ என்லாய்க்கும் இடையில் மரியாதை எப்படித் தேய்ந்தது என்பதை எந்த வரலாற்றாசிரியரின் துணையும் இல்லாமல் நீங்களே அதில் பார்க்கலாம்.

இரண்டு ஆசாத்கள்

இந்த வகைப் புத்தகத்தில் பதிப்பு பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். மௌலானா ஆசாத்தின் ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ அவர்களுக்குப் பதில் சொல்லும். ஆசாத் உருதுவில் சொல்லச் சொல்ல ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதியது. 1958 பிப்ரவரியில் ஆசாத் இறந்தார். மறு ஆண்டு ஜனவரியில் புத்தகம் வந்தது. ஏறத்தாழ முப்பது பக்க அளவுக்கான பகுதிகள் மட்டும் அதில் இல்லை. அவற்றை உறையிட்டு முத்திரை வைத்து கல்கத்தா தேசிய நூலகத்திலும் டெல்லி ஆவணக் காப்பகத்திலும் ஒப்படைத்திருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்துத்தான் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1988இல் முழுப் பதிப்பு வந்தபோது, விடுபட்டவை ஒரே இடத்துப் பக்கங்கள் அல்ல, அங்கங்கே உருவப்பட்ட வரிகளும் பத்திகளும் என்று தெரிந்தது. நேருவைப் பற்றிய வாக்கியங்கள் சில 1959இல் மென்மையாகவும் 1988இல் கூர்மையாகவும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது ஒரு தனி ருசி. முப்பது ஆண்டுகள் ஒரு தலைமுறை எதைப் படிக்காமல் கருத்துச் சொன்னது என்பது தெரியும்.

நேருவின் உதவியாளராக இருந்த எம்.ஓ. மத்தாயின் நினைவுக் குறிப்புகள் 1978இல் வந்தன. அதில் 29ஆம் அத்தியாயத்துக்குத் தலைப்பு மட்டும் உண்டு; ஆசிரியர் கடைசி நேரத்தில் விலக்கிக்கொண்டார் என்ற பதிப்பாளர் குறிப்போடு முடிந்துவிடும். இல்லாத அத்தியாயத்துக்காகவே விற்ற புத்தகம். அதைப் பற்றி உலவும் கதைகளை நான் பொருட்படுத்துவதில்லை. மத்தாயின் வம்புகளில் பாதிக்கு அவரே ஒரே சாட்சி.

‘இது பேன் பண்ண புக் சார்’ என்ற வாக்கியத்துக்கு நடைபாதையில் ஐம்பது ரூபாய் கூடுதல் விலை உண்டு. பெரும்பாலும் சும்மா. ஸ்டான்லி வோல்பர்ட்டின் ‘நைன் ஹவர்ஸ் டு ராமா’, சீனப் போரைப் பற்றி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய ‘அன்ஆர்ம்ட் விக்டரி’ போன்றவை மெய்யாகவே தடை செய்யப்பட்டவை. மற்றபடி தடையைவிடப் பெரிய எதிரி மறுபதிப்பு இல்லாமை. எல்லை தாண்டியும் சில அதிசயங்கள் உண்டு. மரண தண்டனைக் கைதியாக இருந்தபோது பூட்டோ எழுதிய ‘இஃப் ஐ ஆம் அஸாஸினேட்டட்’ 1979இல் புத்தகமாக வந்தது டெல்லியில், விகாஸ் பதிப்பகத்திலிருந்து. பாகிஸ்தானின் முன்னாள் பிரதமருக்குத் தன் தரப்பைச் சொல்ல பகை நாட்டின் அச்சகம் வேண்டியிருந்தது.

டெல்லி, சென்னை, குன்னூர்

இந்தப் புத்தகங்கள் நடைபாதைக்கு வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். பெரியவர் போய்ச் சேருகிறார். வீடு இடிந்து அடுக்ககம் ஆகிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ இருக்கிறார்கள். பழைய பேப்பர்காரர் தராசோடு வருகிறார். அதனால் அதிகாரிகள் வாழ்ந்த ஊர்தான் இந்தச் சரக்குக்கு நல்ல ஊர். முதலிடம் டெல்லிக்கு. தரியாகஞ்சில் நடைபாதை நெடுக விரிந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, 2019இல் உயர் நீதிமன்ற ஆணைக்குப் பிறகு ஆசஃப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட்டுக்குள் போய்விட்டது. இடம் ஒழுங்காயிற்று, நடைபாதையில் போகிறபோக்கில் கிடைக்கும் அதிர்ஷ்டம் கொஞ்சம் குறைந்துபோனது.

சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் ஆறாத புண். 1985 மே 30 அன்று அது எரிந்தது. அதன்பின் கடைகள் அல்லிக்குளம் வளாகத்தில் ஒடுங்கின. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் இப்போது போட்டித் தேர்வுப் புத்தகங்களின் ஆட்சி. யுபிஎஸ்சி மாணவர்கள் விட்டுச்செல்லும் வெளியுறவுக் கொள்கைப் பாடநூல்கள் குவியும். அவற்றைத் தள்ளினால் அடியில் எப்போதாவது தூதர் ஒருவரின் நினைவுக் குறிப்பு தலைகாட்டும். ‘அது போவாது சார், எடுத்துக்கோ’ என்ற குரலுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். நாம் ஆசையைக் காட்டிவிட்டால் அதே புத்தகம் ‘அபூர்வம்’ ஆகிவிடும். ராணுவப் புத்தகம் வேண்டுமா, கோயம்புத்தூர் பக்கம் ஒரு கண் வையுங்கள். அங்கிருந்து மலையேறினால் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் ராணுவ அதிகாரிகளுக்கான கல்லூரி இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் பலர் குன்னூரிலேயே தங்கிவிடுகிறார்கள்; ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவும் அப்படித் தங்கியவர்தான்.

நூலக முத்திரையுள்ள புத்தகத்தைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். அமெரிக்கத் தகவல் மையத்தின் முத்திரை, சோவியத் பண்பாட்டு நிலையத்தின் முத்திரை இரண்டும் அடுத்தடுத்து கிடைக்கும்போது, பனிப்போர் நம் தெருவுக்கு எப்படி வந்தது என்று தெரியும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் தமிழிலேயே புத்தகம் கொடுத்தது, அதை எல்லோரும் அறிவோம். மறுதரப்பின் கதை தாமதமாகத்தான் வெளிவந்தது. 1967 முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் சிஐஏவின் தயாரிப்பிலோ பண உதவியிலோ ஆதரவிலோ வந்தன என்று 1976இல் அமெரிக்க செனட்டின் சர்ச் குழு எழுதியது. அந்தக் காலத்துக் கம்யூனிச எதிர்ப்புப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, பதிப்பாளர் பெயரையும் ஆண்டையும் முதலில் பார்ப்பது என் வழக்கம்.

அமெரிக்காவுக்கு நன்றி சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. பிஎல் 480 திட்டத்தில் கோதுமைக்காக நாம் கொடுத்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அவர்களுடைய நாடாளுமன்ற நூலகம் இங்கே அச்சான புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் போயின. சென்னையில் கிடைக்காத அரசியல் சிறுநூல் சிகாகோவில் கிடைக்கிறது என்றால் காரணம் இது.

1971 போரைப் பற்றி மூன்றைச் சேர்த்து வையுங்கள். வெள்ளை மாளிகை பாகிஸ்தான் பக்கம் சாய்ந்ததை அப்போதே ரகசியத் தாள்களோடு அம்பலப்படுத்தி 1972இல் புலிட்சர் பரிசு வாங்கிய ஜாக் ஆண்டர்சனின் ‘தி ஆண்டர்சன் பேப்பர்ஸ்’, 1973. அதை மறுக்கும் கிஸ்ஸிங்கரின் ‘வைட் ஹவுஸ் இயர்ஸ்’, 1979. எல்லா நடைபாதையிலும் கிடைக்கும், தலையணை அளவு. மூன்றாவதற்குக் காசு வேண்டாம்: அமெரிக்க வெளியுறவுத் துறை 2005இல் திறந்துவிட்ட ஆவணங்கள். அவை வெளியான பிறகு, இந்திரா காந்தியைப் பற்றித் தான் பேசிய சொற்களுக்குக் கிஸ்ஸிங்கர் வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. அவர்கள் நாட்டில் 34 ஆண்டில் திறந்தது. நம் பக்கத்து 1962 அறிக்கை அறுபது கடந்தும் பூட்டுக்குள். கார்கில் ஆய்வுக் குழு அறிக்கையை வெளியிட்டதற்காக ஒரு சபாஷ் போடலாம். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் தயாரானது. ‘ஃப்ரம் சர்ப்ரைஸ் டு ரெக்கனிங்’ என்ற பெயரில் கடையில் வாங்கும் புத்தகமாகவே வந்தது. பாதுகாப்புக் காரணத்துக்காக நீக்கிய இடங்கள் உண்டு; இருந்தாலும் வந்தது.

நமக்கு நெருக்கமான அலமாரி

தமிழ் வாசகர் கட்டாயம் தேட வேண்டியது, இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போன 1987 பற்றிய வரிசை. இலங்கையில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித்தின் ‘அசைன்மென்ட் கொழும்பு’, 1998. அமைதிப்படையின் ஒட்டுமொத்தத் தளபதி திபிந்தர் சிங் அதற்கு முன்பே, 1992இல் எழுதிவிட்டார். களத்தில் முதலில் இறங்கிய படைப்பிரிவின் தளபதி ஹர்கிரத் சிங்கின் புத்தகம் கடைசியாக வந்தது. பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும் அதில் எழுதினார். தீட்சித் 2005லேயே இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. எனவே அந்த வரியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’யோடு வைத்துப் படிக்க வேண்டும். தளபதிகளும் தூதரும் வரைபடத்தில் பார்த்த தெருக்களில் இந்த நால்வரும் வாழ்ந்தார்கள். ஆசிரியர்களில் ஒருவரான ரஜனி திரணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கச்சத்தீவும் அப்படித்தான். தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் ஏறுகிறது. 1974, 1976 ஒப்பந்தங்களின் வாசகத்தைப் பார்த்த பேச்சாளர் எத்தனை பேர்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி. சூரியநாராயணின் 1994ஆம் ஆண்டு நூல் கிடைத்தால் விடாதீர்கள். மெலிந்த புத்தகம், பல மணி நேர மேடைப் பேச்சில் இல்லாத சரக்கு அதில் உண்டு.

இதெல்லாம் ஆங்கிலத்தில்தானா என்று கேட்பீர்கள். வெ. சாமிநாத சர்மாவைத் தேடுங்கள். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திக்கொண்டு முசோலினி, ஹிட்லர், அபிசீனியா, ஸ்பெயின், செக்கோஸ்லோவேகியா, பாலஸ்தீனம் என்று அன்றன்றைய உலக நெருக்கடிகளைத் தமிழனுக்குத் தமிழில் விளக்கியவர். 1942இல் ஜப்பானியர் குண்டுவீச்சுக்கு இடையே பர்மாவிலிருந்து நடந்தே திரும்பினார். அந்தப் பழைய பதிப்புகள் இன்னும் சில பழைய கடைகளில் நூறு, இருநூறு ரூபாய்க்கு அகப்படுகின்றன. உக்ரைன் போரையும் காஸாவையும் பற்றி அந்தத் தரத்தில் தமிழில் எத்தனை புத்தகம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. எண்பது ஆண்டுக்கு முன்பு நம் வாசகர்களுக்கு உலகம் இன்னும் பக்கத்தில் இருந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. மேலுறை கிழிந்ததற்காகப் புத்தகத்தை விடாதீர்கள். பின்னிணைப்பும் வரைபடமும் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைப் புத்தகத்தில் உயிர் அங்கேதான். ஓரத்தில் பென்சில் குறிப்பு இருந்தால் அதற்காகவே வாங்கலாம். எழுதியவர் சில சமயம் சம்பவ இடத்தில் இருந்தவராக இருப்பார். அமைச்சர்களின் சொற்பொழிவுத் தொகுதிகள் இடத்தை அடைக்கும், வேண்டாம். ராமபாணப் பூச்சி இருக்கும் புத்தகத்தை நேராக அலமாரியில் ஏற்றாதீர்கள். சில நாள் தனியே பாலித்தீன் பையில் பாச்சை உருண்டையோடு கட்டி வைத்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேகரிப்பவர் அல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாத்தாவோ அப்பாவோ அரசுப் பணியிலோ ராணுவத்திலோ கட்சியிலோ பத்திரிகையிலோ இருந்தவரா? பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விசாரணை ஆணைய அறிக்கைகள், வெள்ளை அறிக்கைகள், மாநாட்டுத் தீர்மானங்கள், அட்டை போன சிறுநூல்கள் இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். நாவலும் அகராதியும் எப்படியும் யாரிடமாவது இருக்கும், இவை இருக்காது. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ புதுக்கோட்டை ஞானாலயாவையோ கேட்டுப் பாருங்கள். இரண்டுமே தனி மனிதர்கள் சேர்த்ததில் உருவானவைதான்.